மாப்பிள்ளைக்கு அருந்ததி காட்டிய கதை

இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாகப் பல வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வைகாசியிலும் இந்தத் தடவை எழுதிவிடுவது என்று நினைப்பேன். அதற்குள் ஆனி வந்துவிடும். எனக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று, சம்பந்தி வீட்டார் படித்தால் என்ன நினைப்பார்களோ என்பது. இன்னொன்று, சாமி காரியத்தில் சிரிப்பு வரலாமா என்பது. முதல் பயத்தைச் சம்பந்தியம்மாவே தீர்த்துவிட்டார். "எழுதுங்க அண்ணா, எம் பிள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்னு மட்டும் ஒரு வரி போட்டுடுங்க" என்றார். போட்டுவிட்டேன். இரண்டாவது பயத்துக்குத் திருநீர்மலைக்குப் போய்ப் பெருமாளிடமே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் போலப் படுத்துக்கொண்டுதான் இருந்தார். கோபம் என்றால் எழுந்து உட்கார்ந்திருப்பார் அல்லவா என்று நானே முடிவு செய்துகொண்டு பேனாவை எடுத்தேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்பு. சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகிற வழியில் மாவு மில் வைத்திருக்கிறேன். வானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அரைக்க வருகிறவர்கள் மாடியில் மிளகாய் காய வைப்பதற்குத் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுதான். மழை வருமா, வராதா. அதற்கு மேல் இருப்பதெல்லாம் பெருமாள் பொறுப்பு என்று விட்டுவிட்டேன். என் ஒரே பெண்ணின் கல்யாணம்தான் என்னைத் தலை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

கல்யாணம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில், வைகாசி மாதம், காலை முகூர்த்தம். தாலி கட்டி, அம்மி மிதித்து, மெட்டி போட்டாகிவிட்டது. அடுத்தது அருந்ததி பார்ப்பது. ஐயர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டப வாசலுக்கு அழைத்து வந்து வானத்தைக் காட்டினார். நம் பக்கத்தில் இது எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஐயர் விரலை நீட்டி "தெரியறதா?" என்பார். மாப்பிள்ளை "தெரியுது" என்பார். எல்லாரும் சாப்பிடப் போவோம். பட்டப்பகலில் நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. தெரியுது என்பது அங்கே ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்தவரை "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் "ஆச்சு" என்பது போல.

எங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு கார் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வருகிற சாமானைப் பார்த்துச் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டியதுதான் அவர் உத்தியோகம். நல்ல பிள்ளை. அந்தக் குணம் வாசலிலும் வந்துவிட்டது.

"அதோ வடக்கால பாருங்கோ. அருந்ததி தெரியறதா?" என்றார் ஐயர்.

"எங்க சாமி?"

"என் விரலுக்கு நேரா."

"உங்க விரலுக்கு நேரா செல்போன் கடை போர்டு இருக்கு."

"அதுக்கு மேல."

"அதுக்கு மேல காக்கா."

"காக்காவுக்கும் மேல பாருங்கோ தம்பி."

மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தெரியல சாமி" என்றார்.

அப்போதுதான் கவனித்தோம். மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று போட்டோக்காரர் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். உடனே கண்ணாடி கைமாறி வந்தது. மாப்பிள்ளை போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இப்ப காக்கா நல்லாத் தெரியுது" என்றார். "நட்சத்திரம் தெரியல."

என் பெண் பக்கத்தில் தலை குனிந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, "தெரியுதுன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றாள். வீடியோவில் அது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. ஐயர் கடைசியாக, "மனசால பாருங்கோ" என்றார். "மனசாலன்னா தெரியுது சாமி. கண்ணாலதான் தெரியல" என்றார் மாப்பிள்ளை. ஐயருக்கு அடுத்த மண்டபத்தில் ஒரு முகூர்த்தம் இருந்தது. அதுவே போதும் என்று உள்ளே போய்விட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

சகுனம் சரியில்லையே என்று அப்போதே அவளுக்கு ஒரு உறுத்தல். அது பயமாக மாறியது எப்படி என்று அன்று சாயங்காலம் தெரிந்தது. அவளுடைய அக்கா, எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். "அருந்ததி கண்ணுக்குத் தெரியலன்னா ஆயுசு ஆறு மாசம்னு பெரியவங்க சொல்லுவாங்கடி. நம்ம மாப்பிள்ளைக்கு அப்படியெல்லாம் இருக்காது. ரசம் ஊத்திக்க."

அன்று ராத்திரி என் மனைவி தனக்குத் தட்டு போடவில்லை.

"எனக்கு வேணாங்க. மாப்பிள்ளை கண்ணால அருந்ததியப் பாக்கற வரைக்கும் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. பெருமாள்கிட்ட சொல்லிட்டேன்."

"அது ஏதோ பேச்சுக்குச் சொல்றது."

"பேச்சுக்கே ஆவட்டும். நமக்கு ஒரே பொண்ணுங்க."

அவள் நம்பிக்கைக்காரி. நானும் நம்பிக்கைக்காரன்தான். ஆனால் என் நம்பிக்கைக்கு எட்டு மணிக்குச் சோறு வேண்டும். அவளுடையதற்கு அது வேண்டாம்.

மறுநாள் முதல் காரியமாக ஐயருக்குப் போன் போடச் சொன்னாள். அவளுடைய சந்தேகம் நியாயமானது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் அது கண்ணால் பார்த்ததாகுமா? நான் கேட்டேன். அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் ஐயர் யோசித்தார்.

"மூக்குக் கண்ணாடிக்கு தோஷம் இல்லை. நானே போட்டுண்டுதான் மந்திரம் சொல்றேன்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். தெரியறதான்னு கேக்கறது என் வேலை. தெரிய வைக்கறது என் வேலை இல்லை." போனை வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் ஒரு டீச்சரம்மா குடியிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர். துணி காயப்போட வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பைனாகுலரைக் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி இரண்டு கையாலும் வாங்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். வெறும் கண்ணால பாக்கணும்."

"கண்ணாடி ஓகே, இது ஓகே இல்லையா?"

"கண்ணாடி மூஞ்சியிலேயே இருக்கு டீச்சர். இது கையில இல்ல இருக்கு."

டீச்சரம்மா பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம், "எங்க ஸ்டார்ல இந்தக் கஷ்டமே இல்லண்ணா. டிசம்பர்ல பேப்பர்ல செஞ்சு, உள்ள பல்பு போட்டு, வாசல்ல மாட்டிடுவோம். எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை எங்களோடு. அன்று ராத்திரி ரயிலில் புனே போய்விடுவார்கள். அவருக்கு வேலை அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் காட்டிவிட வேண்டும். ஆனால் ஏன் காட்டுகிறோம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாது. புது மாப்பிள்ளையிடம், "உங்களுக்கு ஆயுசு கெட்டியா என்று பார்க்க வேண்டும், மாடிக்கு வாருங்கள்" என்று எந்த மாமனார் சொல்வான்? "மொட்டை மாடியில காத்து நல்லா வருது மாப்ளே" என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். காற்று வரவில்லை. ஒரு இலை அசையவில்லை. மாப்பிள்ளை மரியாதைக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அங்கேதான் ஒரு பெரிய சங்கடம் தெரிந்தது. எனக்கே அருந்ததி எது என்று தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. கற்புக்கரசி என்றால் இருப்பதிலேயே பிரகாசமாகத்தான் இருப்பாள் என்று ஒரு கணக்குப் போட்டேன். மேற்கில், தென்னை மட்டைக்கு மேலே, பெரிய முத்து மாதிரி ஒன்று ஜொலித்தது.

"அது என்ன தெரியுதா மாப்ளே?"

"தெரியுது மாமா."

என் மனைவி கைகூப்பினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பெண் போனை வானத்துக்கு நேராகப் பிடித்தாள். எந்தப் பக்கம் பிடித்தாலும் அந்தப் பக்கம் இருக்கிற நட்சத்திரத்தின் பெயரை எழுதிக் காட்டுகிற ஏதோ ஒன்று அதில் இருந்தது.

"அப்பா, அது சுக்கிரன். கிரகம்."

என் மனைவி கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. "சுக்கிரனா, அவரும் நல்லவர்தான்" என்று சொல்லி, கும்பிட்டு முடித்துவிட்டு, "அருந்ததி எங்க?" என்றாள்.

"எதுக்கும்மா அருந்ததி?"

"சும்மாதான். காத்து வாங்க வந்தோம், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு."

வடக்கே திரும்பினோம். சிட்லபாக்கத்திலிருந்து வடக்கு என்றால் மீனம்பாக்கம் விமான நிலையம். வசிஷ்டரும் அருந்ததியும் குடித்தனம் நடத்த வேறு திசையே கிடைக்கவில்லையா என்று இருந்தது. அந்தப் பக்க வானம் முழுக்கப் பால் ஊற்றிய காபி மாதிரி வெளுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு வெளிச்சம் கம்பீரமாக வந்தது. நான் ஆள்காட்டி விரலை நீட்டினேன். அது நகர்ந்தது. பச்சையும் சிவப்புமாகக் கண்ணடித்தது. என் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போயிற்று.

"அருந்ததி டெல்லிக்குப் போறா" என்றாள் என் பெண்.

அடுத்து அசையாமல் சிவப்பாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். அது செல்போன் கோபுரம். அதற்கு அடுத்தது அசைந்தது, ஆனால் கண்ணடிக்கவில்லை, சத்தமும் இல்லை. சாட்டிலைட் என்றாள். என் பெண் எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள். மினுக்கினால் நட்சத்திரம். மினுக்காமல் நின்றால் கிரகம். மினுக்காமல் நடந்தால் சாட்டிலைட். கலர் கலராகக் கண்ணடித்தால் விமானம். ஒரே இடத்தில் சிவப்பாக நின்றால் அப்பா கும்பிடக்கூடாது.

இத்தனை நாள் என் தலைக்கு மேலே இவ்வளவு போக்குவரத்து நடந்திருக்கிறது. நான் மிளகாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மனைவி முகம் வாடிக் கீழே போனதும், பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேன். ஆறு மாசம், ராத்திரிப் பட்டினி, எல்லாம். முதலில் சிரித்தாள். "அம்மா சாப்பிடறதே இல்லையா?" என்று கேட்டபோது சிரிப்பு நின்றிருந்தது. மாப்பிள்ளை அங்கேயேதான் இருந்தார். கேட்டுவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் கோபப்படவில்லை. போனை வாங்கி எதையோ பின்னுக்குத் தள்ளித் தள்ளி, முகூர்த்த நேரத்துக்குக் கொண்டுபோனார். "மாமா, இங்க பாருங்க. ஐயர் கை காட்டினப்போ அருந்ததி எங்க இருந்துச்சுன்னு." போன் வானத்தைக் காட்டவில்லை. தரையைக் காட்டச் சொன்னது. அந்த நேரத்தில் அருந்ததி பூமிக்கு அடியில் இருந்தாளாம். நாங்கள் காக்காவுக்கு மேலே தேடியபோது அவள் எங்கள் செருப்புக்குக் கீழே இருந்திருக்கிறாள்.

சந்தோஷமாகக் கீழே ஓடி என் மனைவியிடம் சொன்னோம். தெரியாததுதான் சரி, மாப்பிள்ளை ஒருத்தர்தான் நிஜம் சொன்னார் என்று விளக்கினோம். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முழுதும் கேட்டாள்.

"அப்ப இத்தனை காலமா தெரியுதுன்னு சொன்னவங்கல்லாம்?"

"சும்மா சொன்னாங்கம்மா."

"சும்மா சொன்னவங்கல்லாம் பேரன் பேத்தியோட நல்லா இருக்காங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ராத்திரியில மேல வருதில்ல? ராத்திரி பாக்கட்டும்" என்றாள்.

திரும்பவும் மாடிக்குப் போனோம். இப்போது எங்கே தேடுவது என்று போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தோம். வடக்கே உயரத்தில் ஏழு நட்சத்திரம், கவிழ்த்த கரண்டி மாதிரி. அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டிக் காம்பு வலது பக்கம் நீண்டிருக்கும். காம்பின் நுனியிலிருந்து இரண்டாவதுதான் வசிஷ்டர். அவரை ஒட்டிக்கொண்டு சின்னதாக, மங்கலாக, அருந்ததி. பக்கத்து அடுக்குமாடியின் பெரிய விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. மாப்பிள்ளை வலது கையால் அதை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வசிஷ்டர் தெரியறார்" என்றார். "தனியாத்தான் இருக்கார்."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றாள் என் பெண்.

"நீ சும்மா இரு" என்றாள் என் மனைவி. அவள் கவலையில் பெண்ணின் கண்ணுக்குக் கணக்கு இல்லை.

மறுநாள் காலையிலிருந்து சமையல் மாறியது. மறுவீட்டு விருந்து என்றால் எங்கள் வீட்டில் கோழி அடிப்பது வழக்கம். கோழி வரவில்லை. காலையில் கேரட் போட்ட உப்புமா. மத்தியானம் பொன்னாங்கண்ணிக் கீரைக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், கேரட் சாம்பார். நான்கு மணிக்கு காபிக்குப் பதில் கேரட் ஜூஸ். எல்லாம் கண்ணுக்கு நல்லது. மாப்பிள்ளை என் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "உங்க வீட்டுல ஆடு வளக்கறீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"இல்ல, எனக்கு அப்படித் தோணிச்சு."

சாயங்காலம் வானம் முழுக்க மேகம். சுக்கிரனும் இல்லை, விமானம்கூடச் சத்தம் மட்டும்தான். நான் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, நான் கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன்.

"மாப்ளே, தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். அவ சாப்பிட்டுடுவா."

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு அது வராது மாமா. ஆபீஸ்ல இதுக்குன்னே என்னைத் திட்டுவாங்க." மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "சரி, அத்தைக்காகப் பாக்கறேன்."

என் மனைவி துணி எடுக்க மாடிக்கு வந்தாள். மாப்பிள்ளை அவள் முகத்தைப் பார்க்காமல், தொண்டையைக் கனைத்து, கையை ஒரு பக்கம் நீட்டி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல, "அத்தை, அருந்ததி தெரியுது" என்றார்.

அவள் அவர் கை போன திசையைப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, அது எங்க தண்ணி டேங்க்" என்றாள்.

அவர் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல், காய்ந்த லுங்கி ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும், "பரவால்ல மாப்பிள்ளை. எனக்காகச் சொன்னீங்க. ஆனா சாமிக்கிட்ட டேங்க்கக் காட்ட முடியாதில்ல" என்று சொல்லிவிட்டுத் துணியோடு இறங்கிப் போனாள். அன்று ராத்திரியும் அவள் சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு அத்தோடு போயிற்று. விடியும்வரை பக்கத்தில் அவள் புரண்டு புரண்டு படுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ரயில். பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு, புறப்படும் முன் பெருமாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாலு பேரும் ஆட்டோ பிடித்துத் திருநீர்மலைக்குப் போனோம். படி ஏறி, மலைமேல் ரங்கநாதரைச் சேவித்தோம். என் மனைவி சன்னிதியில் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. மேகம் விலகியிருந்தது. ஆனால் பிராகாரத்தில் ஒரு டியூப்லைட் விடாமல் கண்ணைக் குத்தியது. நாங்கள் சுவரோரமாக நின்று வடக்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூட்டுச் சாவியோடு காவலாளி வந்தார்.

"நடை சாத்தியாச்சு, எறங்குங்க. அங்க இன்னா பாத்துக்கினு கீறீங்க?"

"அருந்ததியத் தேடறோம்" என்றேன்.

"உங்க கூட வந்தவங்களா? படியில பாத்தீங்களா? வயசானவங்கன்னா கீழ மண்டபத்துல குந்திகினு இருப்பாங்க."

"அது நட்சத்திரம்பா."

அவரும் அண்ணாந்து பார்த்தார். எங்கள் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். "இன்னாவோ போங்க. நான் லைட்ட ஆப் பண்ணிட்டு வூட்டுக்குப் போணும். இருட்டுல விழுந்து வெச்சீங்கன்னா பேஜாராப் பூடும்" என்று சொல்லிவிட்டு, போய் சுவிட்சைத் தட்டினார்.

டியூப்லைட் அணைந்தது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு யாரோ உமி புடைத்துத் தள்ளியது போல, வானம் முழுக்க நட்சத்திரம் வந்து விழுந்தது. நம் ஊர் மேலே இத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கீழே பல்லாவரம், அனகாபுத்தூர் விளக்கெல்லாம் ஒரு பக்கம் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மேலே கவிழ்த்த கரண்டி தெளிவாகத் தொங்கியது.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுதான்..." என்றார். "இருங்க அத்தை. ரெண்டு. ரெண்டு இருக்கு."

"எனக்காகச் சொல்றீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை. சத்தியமா."

அவள் நம்பவில்லை. தண்ணீர்த் தொட்டி இன்னும் மனதில் இருந்தது. என் மனைவி அஞ்சாம் வகுப்பு. ஆனால் அப்போது அவள் செய்ததைப் பெரிய கோர்ட்டில் கூடச் செய்வார்களா என்று தெரியாது. பெண்ணைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "உனக்குத் தெரியுதா? சின்னது எந்தப் பக்கம் இருக்கு? எங்கிட்ட மட்டும் காதுல சொல்லு." பெண் பார்த்துவிட்டுக் காதில் சொன்னாள். பிறகு மாப்பிள்ளையிடம் வந்தாள்.

"சின்ன நட்சத்திரம் பெரிசுக்கு எந்தப் பக்கம் இருக்கு மாப்பிள்ளை?"

"வலது பக்கம் அத்தை. ரொம்ப ஒட்டி. நேரா இல்ல, ஒரு துளி கீழ."

என் மனைவி பெண்ணைப் பார்த்தாள். பெண் தலையை ஆட்டினாள். இருட்டில் அந்தத் தலையாட்டல் எனக்குக்கூடத் தெரிந்தது. என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை வேணும்னாலும் பாக்கறேன் அத்தை" என்றார்.

"கிடைச்சாங்களா?" என்று காவலாளி இருட்டிலிருந்து கேட்டார்.

"கிடைச்சாச்சு."

"அப்ப எறங்குங்க."

பாதிப் படி இறங்கியதும் என் மனைவி உட்கார்ந்து, மேலே வாங்கின புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ராத்திரி சாப்பிடுகிற முதல் சாப்பாடு. ஒரு பிடி எடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் போன கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள்.

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்த்தேன்தான். வசிஷ்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ பஞ்சு மாதிரி இருந்தது. அருந்ததி இருக்கவேண்டிய இடத்திலும் அதே பஞ்சுதான். தெரியுது என்று சொன்னால் அவள் கை வாய்க்குப் போகும். தெரியவில்லை என்றால் அது பொட்டலத்துக்குத் திரும்பலாம். பெண் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். வலதா இடதா என்று கேட்டால் இப்போது எனக்குப் பதில் தெரியும், காதால் கேட்டாகிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியல" என்றேன்.

அவள் கை அப்படியே இருந்தது. என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் ஆறு மாதத்தை எண்ண ஆரம்பித்தேன். கார்த்திகை வரும். தீபம் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

"உங்களுக்கா?" என்றாள். "மில்லு வாசல்ல நிக்கறது ஆணா பொண்ணான்னு தெரியாம மொளகா வாங்கி மல்லிப் பொடி அரைச்சுக் குடுக்கற ஆளு நீங்க. உங்களுக்கு அருந்ததி தெரிஞ்சாத்தான் நான் பயப்படணும். நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்."

பிடியை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே அடுத்த பிடியை எனக்கு நீட்டினாள். பெண்ணின் விஷயத்தில் அத்தனை பயந்தவளுக்கு என் விஷயத்தில் ஒரு பயமும் வரவில்லை. இத்தனை வருஷம் என்னோடு இருந்து என்னை அளந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். புளியோதரை நன்றாக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மாப்பிள்ளைதான் எழுப்பினார்.

என் கண்ணில் புரை இருந்தது. அறுவை சிகிச்சை ஆனது. மாப்பிள்ளை சௌக்கியமாக இருக்கிறார், சற்றுத் தொந்திகூட வந்துவிட்டது. கண் சரியான பிறகு நான் மாடிக்குப் போய் வடக்கே பார்த்தேன். அன்று மேகம். அதற்கு அடுத்த நாள் விமானம். ஆனாலும் பார்த்துவிட்டேன், ஒரே ஒரு தடவை, போன வைகாசியில். உப்புக்கல் பக்கத்தில் ஒரு சர்க்கரைத் துகள் அளவு. கைகூப்பி, மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். வடக்கு, வைகாசி, இருட்டிய பிறகு, கவிழ்த்த கரண்டி, காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது, அதற்கு வலது பக்கம் ஒரு துளி கீழே. இதில் ஒரு வார்த்தையை நீங்கள் மாற்றிச் சொன்னால், கேட்டவர் செல்போன் கோபுரத்தைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.